வலப்பக்கம் திரும்பிப் படுங்கள்

நோயாளிகளின் கோப்புகளை மேசையில் போட்டுவிட்டு எஸ்னாட் போன பிறகுதான் லோம்பே அந்தப் பெயரைப் பார்த்தாள். மேலிருந்து ஆறாவது. ஓரம் நைந்த பழுப்பு அட்டை. மகாசா, வயது ஐம்பத்திரண்டு, சுரங்கத் தொழிலாளி.

மகாசா செத்து இரண்டு வருடம் ஆகப்போகிறது.

அவள் கதவைத் திறந்து பதிவறைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். எஸ்னாட் பாதி தின்ற வேர்க்கடலையோடு திரும்பி வந்தாள்.

"இந்தக் கோப்பை எதுக்கு எடுத்த?"

"ஆள் வந்திருக்காரு, எடுத்தேன். பின்ன காத்து வாங்கவா எடுத்து வெப்பேன்?"

"யாரு, மகாசாவா வந்திருக்காரு?"

"பேரு கேட்டேன், மகாசான்னாரு. முன்னாடி வந்திருக்கீங்களான்னேன், ரெண்டு வருஷம் முன்னாடி வந்தேன்னாரு. எந்தச் சுரங்கம்னு கேட்டேன், சரியாத்தான் சொன்னாரு. வேற என்னக்கா கேக்கணும்? பல்லைப் பிடிச்சுப் பாக்கணுமா?"

லோம்பே கதவைச் சாத்தினாள்.

அன்று திங்கள்கிழமை. வியாழக்கிழமை தலைநகர் லூசாக்காவிலிருந்து அறுவை சிகிச்சைக் குழு வருகிறது. வருடத்துக்கு ஒரு தடவைதான் வருவார்கள். நான்கு பேருக்குத்தான் இதய வால்வு மாற்றுவார்கள். யார் அந்த நான்கு பேர் என்று திங்களன்றே பகல் பன்னிரண்டு மணிக்குள் டாக்டர் சியாமே பட்டியல் அனுப்பியாக வேண்டும். பட்டியலில் ஏறுகிறவர்களைப் பொறுக்கியெடுப்பது லோம்பே அளந்து எழுதும் எண்.

இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலில் ஒரு கதவு இருக்கிறது. மூன்று இதழ் வைத்த கதவு. அது இறுகிப்போனால் மிச்சமிருக்கும் சந்து வழியே ரத்தம் பீறிட்டுப் போகும். சந்து சிறுக்கச் சிறுக்க வேகம் கூடும். தண்ணீர்க் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துப் பார்த்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வேகத்தை அளப்பதுதான் அவள் வேலை. நொடிக்கு நான்கு மீட்டரைத் தாண்டினால் கடுமை. தாண்டாவிட்டால் மிதம். கடுமை என்றால் கத்தி. மிதம் என்றால் மாத்திரை, அடுத்த வருடம் வா.

ஆனால் ஸ்கேன் கருவியை அந்தப் பீறலுக்கு நேர் எதிரே பிடித்தால்தான் எண் சரியாக வரும். கொஞ்சம் சாய்ந்தாலும் எண் குறையும். அதனால் இடப்பக்கம் படுக்கவைத்துப் பார்த்ததோடு விட்டுவிடக் கூடாது. வலப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, நெஞ்செலும்பின் வலது ஓரத்தில் பென்சில் என்று சொல்கிற சின்னக் குச்சியை வைத்துத் தேட வேண்டும். அதில் படம் வராது. சத்தம்தான் வரும். கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுகிற வேலை, பத்து நிமிடம் தின்றுவிடும். அந்த அறையில் அதை யாரும் செய்வதில்லை. பென்சில், கீழ் இழுப்பறையில் பழைய தாள் சுருள்களுக்கு அடியில் பெட்டியோடு கிடந்தது. கட்டில் சுவரை ஒட்டிக் கிடக்கும். நோயாளி சுவரைப் பார்த்து இடப்பக்கமாகப் படுப்பான். லோம்பே அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, கையை முன்னால் நீட்டி அளப்பாள். பதினோரு வருடமாக அவளுக்கு நோயாளிகள் என்றால் முதுகுதான்.

மகாசாவின் முதுகு அவளுக்கு ஞாபகம் இருந்தது. தோள்பட்டையில் பாறை கிழித்த நீளத் தழும்பு. அவர் வந்த அன்று முப்பத்தொரு பேர். மகாசா இருபத்தொன்பதாவது. திரையில் கதவைப் பார்த்தாள். மூன்று இதழுக்குப் பதில் இரண்டு. அந்த இரண்டும் உலர்ந்த சுண்ணாம்பு போல அசையாமல் நின்றன. எண் மூன்று புள்ளி நான்கு வந்தது. கண் ஒன்று சொன்னது, எண் வேறொன்று சொன்னது. அவள் எண்ணை எழுதினாள். மிதம். அந்தத் தாளைப் பார்த்துச் சுரங்கத்து டாக்டர் மகாசாவைக் கீழே இறங்க அனுமதித்தார். பதினேழாம் நாள் மூன்றாவது ஏணியில் ஏறிக்கொண்டிருந்தவர் மேலே கை நீட்டியபடி பின்னால் சாய்ந்தார். உடல் இதே மருத்துவமனைக்குத்தான் வந்தது. பிணவறை ஆள் மதியச் சாப்பாட்டின்போது சொல்ல, லோம்பே கேட்டாள். 

கோப்பில் 'இறந்தார்' என்று எழுதியிருக்க வேண்டும். அதற்கு அதைத் திறக்க வேண்டும். அவள் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு சத்தம் வந்தது. கருவியின் ஒலிபெருக்கியில் கேட்ட மகாசாவின் ரத்தம், கரகரவென்று, சல்லடையில் மண் சலிப்பது போல. மினிபஸ்ஸில் உட்கார்ந்தால் அது கேட்டது. தேவாலயத்தில் எல்லோரும் தலைகுனிந்து அமைதியான கணத்தில் கேட்டது. மாவு கிண்டும்போது கொப்பளம் வெடிக்கும் சத்தத்துக்கு நடுவில் கேட்டது. கணவனிடம் காது வலி என்று சொன்னாள். அவன் எண்ணெய் காய்ச்சி ஊற்றினான்.

ஆறாவது ஆளை எஸ்னாட் உள்ளே அனுப்பினாள்.

முதலில் வந்தது மேல்சட்டை. சுரங்கத்துச் சட்டை, மார்பில் வெள்ளிப் பட்டை தைத்தது, இடது முழங்கையில் கறுப்பு நூலால் ஒட்டுப்போட்டது. அதே சட்டை. மகாசா அன்று கழற்றி வைத்தது. பிறகு லோம்பே முகத்தைப் பார்த்தாள். முப்பது வயதுகூட இருக்காது. சட்டை அவனுக்குத் தொளதொளவென்று தொங்கியது. கதவிலிருந்து கட்டில் வரை நடந்ததற்கே மூச்சு வாங்கினான்.

"உக்காருங்க தம்பி" என்றாள். 

"தம்பின்னு கூப்பிடாதீங்கக்கா. எங்க வீட்டு ஆளுங்க காதுல விழுந்தா சண்டைக்கு வருவாங்க. எனக்கு இப்ப அம்பத்திநாலு வயசு" என்று சிரித்தான். "பதினேழு வயசுல மூத்த பையன் இருக்கான். அப்பான்னுதான் கூப்பிடுறான், வஞ்சனையில்லாம. அதட்டினா மட்டும் கேக்க மாட்டேங்குறான்."

அவளுக்குப் புரிந்தது. அவள் வீட்டிலும் அப்படித்தான். ஆள் போனால் பெயரைக் கீழே விழ விட மாட்டார்கள். அக்காள் மகனையோ தங்கை மகனையோ கூப்பிட்டு, செத்தவரின் சட்டையைப் போட்டு, பெயரைக் கொடுத்துவிடுவார்கள். அன்றிலிருந்து அவன்தான் அவர். அவர் பேசியது இவன் பேசியது. அவர் போன இடம் இவன் போன இடம். எஸ்னாட் கேட்டதற்கு அவன் பொய் சொல்லவில்லை.

"உங்க சொந்தப் பேரு?"

"முசெங்கேன்னு இருந்துச்சு. யாரும் கூப்பிடுறதில்ல, துரு ஏறிக் கிடக்கு."

"என்ன வேலை?"

"சுரங்கத்துக் கசடு மலையில கல்லு உடைக்கிறேன். உடைச்சேன். ரெண்டு மாசத்துல மூணு தடவை மயங்கி விழுந்துட்டேன். மேஸ்திரி, நீ செத்தா என் சரிவுல சாகாதடான்னு அனுப்பிட்டான். நல்ல மனுஷன்தான், சாவுச் செலவு தலையில விழும்னு பயம்."

சட்டையைக் கழற்றி அவன் சுவரைப் பார்த்துப் படுத்தான். தழும்பில்லாத முதுகு. லோம்பே பசையைத் தடவியதும் துள்ளினான். "என்னக்கா, மீன் மாதிரி சில்லுன்னு இருக்கு!"

திரையில் கதவு தெரிந்தது. லோம்பேயின் கை அப்படியே நின்றது. இரண்டு இதழ். அதே சாய்வு, அதே சுண்ணாம்பு. தலைமுறை வழியாகச் சில குடும்பங்களில் இது ஓடும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்திருந்தும், மண்ணுக்குள் போன ஒன்று தன் திரையில் துடிப்பதைப் பார்ப்பதாகத்தான் தோன்றியது. ஒலியைத் திறந்தாள். சல்லடை, மண், கரகர. இரண்டு வருடம் காதில் இருந்தது இப்போது அறை முழுக்க இருந்தது.

எண் மூன்று புள்ளி ஐந்து.

டாக்டர் சியாமே கதவைத் தட்டாமல் வந்தார். அறை இருட்டாக இருந்தது. அவர் முதுகைக்கூடப் பார்க்கவில்லை, கோப்பைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி மூணு புள்ளி நாலு. இப்ப?"

"மூணு புள்ளி அஞ்சு."

"நகரவே இல்ல. ரெண்டு வருஷத்துல இவ்வளவுதான்னா ஒண்ணும் அவசரமில்ல. மிதம். நாலு இடத்துக்குப் பதினோரு பேரை வெச்சுக்கிட்டு நான் முழிக்கிறேன், இவரை அனுப்பிடுங்க."

மூன்று புள்ளி நான்கு இவருடைய எண் இல்லை என்று சொல்ல லோம்பே வாயைத் திறந்தாள். அப்படிச் சொன்னால் யாருடையது என்று கேட்பார். அந்த ஆள் எங்கே என்று கேட்பார். வாயை மூடிக்கொண்டாள். டாக்டர் போய்விட்டார்.

"எழுந்து சட்டையைப் போட்டுக்கங்க" என்றாள். "மாத்திரை எழுதித் தருவாங்க. அடுத்த வருஷம் வாங்க."

அவன் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே பேசினான்.

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. மிதம்னு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். வழியில கோழி வாங்கிட்டுப் போய் அறுத்தேன். பொண்டாட்டிகிட்ட, நெஞ்சுல ஒண்ணுமில்ல, சும்மா காத்துதான்னு சொன்னேன்."

குரல் இளசுதான். ஆனால் இருட்டில் முதுகு மட்டும்தான் தெரிந்தது, முதுகு பேசியது.  லோம்பே கேலியா என்று பார்த்தாள். கேலி இல்லை. அவன் தன் கதையைச் சொல்கிறவன் போலத்தான் சொன்னான்.

அவள் குனிந்து கீழ் இழுப்பறையை இழுத்தாள். தாள் சுருள்களைத் தரையில் அள்ளிப் போட்டாள். பெட்டியைத் திறந்து பென்சிலை எடுத்து, கருவியில் செருகினாள்.

"வலப்பக்கம் திரும்பிப் படுங்க."

"இது புதுசா இருக்கே" என்று சொல்லிக்கொண்டே திரும்பினான்.

முகம் ஒரு முழத் தூரத்தில் வந்து நின்றது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கண்ணை மூடாமல் அவளையே பார்த்தான். இத்தனை வருடத்தில் நோயாளியின் மூச்சு தன் மணிக்கட்டில் படுவது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

குச்சியை நெஞ்செலும்பின் வலது ஓரத்தில் வைத்தாள். வெறும் இரைச்சல். ஒரு விலா மேலே ஏறினாள். சாய்த்தாள், நிமிர்த்தினாள். எங்கோ ஒரு நாளத்தின் முணுமுணுப்பு, அது இல்லை. கதவுக்கு அந்தப்புறம் யாரோ இருமினார்கள். ஐந்து நிமிடம் போனது. "அக்கா, புதையலா தேடுறீங்க?" என்றான். "பேசாதீங்க" என்றாள். குச்சியை அழுத்தி, நகத்தளவு உள்பக்கம் சாய்த்தாள்.

வந்தது.

கரகரப்பு இல்லை. மெலிந்து, கூர்மையாக, சைக்கிள் டியூபில் ஊசி ஏறிய ஓட்டை வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு போவது போல ஒரு சீறல். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சீறல். லோம்பே அதைக் கேட்டதே இல்லை. இரண்டு வருடமாகத் தன்னைத் துரத்திய சத்தமும் கருவியைச் சாய்த்துப் பிடித்ததால் வந்த சத்தம்தான் என்று அப்போது புரிந்தது. மகாசாவின் சத்தம் இது. உயிரோடு இருந்தபோது அதை யாருமே கேட்கவில்லை.

நான்கு புள்ளி ஒன்பது. மூன்று தடவை அளந்தாள். மூன்று தடவையும் அதேதான்.

பதினொன்றே முக்காலுக்கு டாக்டர் சியாமேயின் அறைக்குத் தாளோடு போனாள். அவர் பட்டியலை மூடி வைத்திருந்தார்.

"அரை மணி நேரத்துல மூணு புள்ளி அஞ்சு, நாலு புள்ளி ஒன்பது ஆயிடுச்சா? நடுவுல என்ன குடிக்கக் குடுத்தீங்க?"

"வலப்பக்கம் திருப்பிப் பென்சில்ல பார்த்தேன்."

"சரி. ஆனா லூசாக்காக்காரங்க பழைய தாளைத்தான் முதல்ல கேப்பாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி மூணு புள்ளி நாலுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. எதை நம்பச் சொல்றீங்க?"

"அது இவரோடது இல்ல டாக்டர், இவரு முசெங்கே. இவரோட மாமாவோடது. பேரு இவருக்கு வந்திருக்கு, கோப்பும் கூடவே வந்துடுச்சு. மாமா செத்துட்டாரு. நான் மிதம்னு எழுதின பதினேழாம் நாள்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "மிதமா இருந்தவரு எப்படி..."

"மிதம் இல்ல. நான் ஒரு பக்கம்தான் பார்த்தேன். திருப்பல."

டாக்டர் கண்ணாடியை மேசையில் வைத்தார். பிறகு அவர் கேட்டார். "வேற எத்தனை பேரை ஒரு பக்கம் மட்டும் பார்த்தீங்க?"

"எல்லாரையும்."

அவர் கோப்பைப் புரட்டி அவள் கையெழுத்துக்குக் கீழே இருந்த தன் கையெழுத்தை விரலால் தடவினார். திட்டுவார் என்று லோம்பே காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் பட்டியலைத் திறந்து நான்காவது பெயரை அடித்து முசெங்கே என்று எழுதினார். அடிபட்டது ஒரு பெண்ணின் பெயர். லோம்பே அதைப் படித்துவிட்டாள். அதன் எதிரே நான்கு புள்ளி ஒன்று.

"எஸ்னாட்டைக் கூப்பிட்டு மிதம்னு போன கோப்பெல்லாம் எடுக்கச் சொல்லுங்க" என்றார். "உயிரோட இருக்கறவங்கள நாளைலேர்ந்து வரச் சொல்லலாம்."

அவள் அறைக்குத் திரும்பியபோது அவன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"வியாழக்கிழமை ஆபரேஷன். பேரு ஏறிடுச்சு."

அவன் தலையை ஆட்டினான். சிரிக்கவில்லை. "அப்போ அன்னைக்கு என்னை ஏன் திருப்பிப் படுக்க வெக்கல?"

சொல்ல லோம்பேயிடம் காரணங்கள் இருந்தன. கருவி பழசு, கூட்டம் அதிகம், ஆள் குறைவு. எல்லாம் உண்மைதான்.

"முப்பத்தொரு பேரு இருந்தாங்க. பத்து நிமிஷம் ஆகும். வீட்டுக்குப் போகணும்னு இருந்துச்சு."

"பத்து நிமிஷம்."

"ஆமா."

"மெர்விஸ்கிட்ட இதைச் சொல்லணும்" என்றான். "என் பொண்டாட்டி. மாமாவோட பொண்டாட்டி. ரெண்டு வருஷமா அவளைச் சாவுத் தீட்டுலேர்ந்து விடுவிக்கல. மாவு பூசி, மணிக்கட்டுல வெள்ளை மணி கட்டி விடணும், அதை நான்தான் செய்யணும். காசாமா ஊர்ல இருக்கிற எங்க பெருசுங்க விட மாட்டேங்குறாங்க. ஆஸ்பத்திரில மிதம்னு எழுதிக் குடுத்திருக்கான், அப்புறம் எப்படிச் செத்தான், இவதான் ஏதோ செஞ்சுட்டான்னு. உங்க தாளைத்தான் சபையில விரிச்சு வெச்சுக் காட்டினாங்க. சந்தையில அவகிட்ட யாரும் தக்காளிகூட வாங்குறதில்ல, சாவு ஒட்டிக்கும்னு."

லோம்பே தரையில் சிதறிக் கிடந்த தாள் சுருள்களைப் பார்த்தாள். அந்தத் தாளால் தன் காதில் ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அந்தத் தாள் வேறொருத்தியின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை வந்து சொல்றேன்."

"ஞாயித்துக்கிழமை நான் கண்ணு முழிச்சிருப்பேனோ என்னவோ. முழிக்கலேன்னா அதையும் அவ தலையிலதான் கட்டுவாங்க. இன்னைக்கே வாங்க."

"நீங்களே சொன்னா என்ன?"

"நான் எப்படிச் சொல்றது? நான்தானே செத்தவன்."

அவள் வெள்ளை அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பிறகு யோசித்து, திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

சந்தை, ஏற்றத்துக்கு அந்தப்புறம். ஆரோக்கியமான ஆளுக்குப் பதினைந்து நிமிட நடை. முசெங்கே மின்கம்பத்துக்கு மின்கம்பம் நின்றான். நின்ற இடத்திலெல்லாம் லோம்பேயும் நின்றாள். எதிரே வந்த சுரங்கத்து ஆட்கள் இரண்டு பேர், அவனைவிட மூத்தவர்கள், தொப்பியைத் தூக்கி, "மகாசா, நல்லாயிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். "இருக்கேன்" என்றான்.

மெர்விஸ் வரிசையின் கடைசியில், மற்றவர்களைவிட்டு நான்கடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். சாக்கின் மேல் தக்காளி, நான்கு நான்காகக் குவித்து. குவியல்கள் கலையாமல் இருந்தன. அவனைப் பார்த்ததும் கையை மெல்லத் தட்டி வணங்கினாள். பிறகு வெள்ளை அங்கியைப் பார்த்தாள். பக்கத்து வரிசையில் பேச்சு நின்றது.

லோம்பே புழுதியில் மண்டியிட்டாள்.

மெர்விஸ் அதைத் தவறாக எடுத்துக்கொண்டாள். அவசரமாக முன்னால் குனிந்து, நல்ல குவியலாகப் பார்த்துத் தொட்டு, "இது இன்னைக்குப் பறிச்சதும்மா. அழுகல் ஒண்ணுகூட இல்ல. எத்தனை குவியல் வேணும்?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே காகிதத்தைக் கிழித்துப் பொட்டலம் கட்டத் தொடங்கிவிட்டாள்.

"நான் வாங்க வரல" என்றாள் லோம்பே. பக்கத்து வரிசைக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். "உங்க வீட்டுக்காரர் நெஞ்சைப் பார்த்து அந்தத் தாளை எழுதினவ நான்தான்."

மெர்விஸின் கை நின்றது. ஒரு தக்காளி உருண்டு லோம்பேயின் முழங்காலில் வந்து முட்டியது. யாரும் அதை எடுக்கவில்லை.

"மேல சொல்லுங்க" என்றாள் மெர்விஸ்.